கல் எண் முப்பத்தெட்டு

எழும்பூரில் இரண்டாம் மாடி.
சன்னலுக்குக் கீழே தண்டவாளம்.
மின்ரயில் போகும்போதெல்லாம்
மேசைமேல் கற்கள் லேசாக ஒன்றையொன்று இடிக்கும்.
அவற்றைப் பிரித்து வைக்கத்தான் எனக்குச் சம்பளம்:
இயற்கை என்று ஒரு தட்டு,
மனிதக் கை என்று ஒரு தட்டு.
இரண்டாவது தட்டில் பெரும்பாலும்
என் டீ டம்ளர்தான் இருக்கும்.

ஆசையோடு கொண்டுவருகிறார்கள்.
பம்மலில் அஸ்திவாரம் தோண்டியவர்,
நாவலூரில் மனை வாங்கிய கணக்காளர்,
ஈட்டிமுனை என்று பஞ்சில் பொதிந்து
பல்லாவரத்து டீச்சர் ஒருவர்.
நான் லென்ஸை எடுக்கும் முன்பே
என் முகத்தைப் பார்ப்பார்கள்,
ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல.

வெயிலில் வெந்து திடீர் மழையில் குளிர்ந்தால்
கல் தானே தோலுரிக்கும்.
ஆறு உருட்டினால் மொழுமொழுவென்று ஆகும்.
ஜேசிபியின் பல் பட்டால்
கோடரிபோலவே உடைந்து
என்னையே ஒரு நிமிடம் ஏமாற்றும்.
ஒரு நிமிடம்தான்.
பல்லுக்கு அடுத்த அடி எங்கே என்று தெரியாது.
கைக்குத் தெரியும்:
ஒரு சில்லு போன பள்ளத்தின் விளிம்பில் தொடங்கி
அடுத்த சில்லை எடுக்கும்.
அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பு.
அதைச் சுற்றி அலைகள்,
ஏரியில் எறிந்தாற்போல,
கல்லுக்குள் பரவி
கல்லுக்குள்ளேயே நின்றுபோனவை.

முனிரத்தினம் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.
மாங்காட்டுக்கு அப்பால் டேங்கர் நிரம்பும் நாற்பது நிமிடம்
சரளை மேட்டில் குனிந்தபடி நடப்பார்.
மாதம் ஒரு கல், முப்பத்தேழு மாதம்.
முப்பத்தேழு தடவையும் இயற்கை என்று எழுதி
முத்திரை குத்திக் கொடுத்தேன்.
"சரி மேடம், அது இன்னா பண்ணும், பாவம்" என்று
கல்லைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.
ஒரே ஒரு முறை கேட்டார்,
அந்தப் புடைப்பு எப்படி வருது என்று.
சொன்னேன். விரலால் வரைந்தும் காட்டினேன்.
அதோடு மறந்துவிட்டேன்.

முப்பத்தெட்டாவது ஐப்பசி மழையில் நனைந்து வந்தது.
ஏழு வடுக்கள்.
புடைப்பு. அலைகள்.
டம்ளரை எடுத்துக் கீழே வைத்தேன்.

பிறகுதான் வெட்டின் நிறம் கண்ணில் பட்டது.
செம்மண் காலகாலமாக ஊட்டிய துரு
முதுகில் இருக்கிறது, வெட்டுக்குள் இல்லை.
வெட்டு வெள்ளை, நொய்யரிசிபோல.
தடவினால் விரலில் மாவு.
நிமிர்ந்தேன்.
அவருடைய இடது கட்டைவிரலில் பிளாஸ்டர்.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
கை கல்லைத் திருப்பிக்கொண்டே இருந்தது.
முதல் அடி நேராக விழுந்து
விளிம்பை நசுக்கியிருக்கிறது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் கல்லைச் சாய்த்திருக்கிறார்.
யாரும் சொல்லித்தரவில்லை, நானும் சொல்லவில்லை,
அந்தச் சாய்வை.
நான்காவதிலிருந்து ஒவ்வொன்றும்
முந்தியதைக் கேட்டுவிட்டு விழுந்திருக்கிறது.

பதிவேட்டில் இரண்டே கட்டம்.
இயற்கை என்று எழுதினால் பொய்.
மற்றதை எழுதினால்
பக்கத்தில் காலம் என்று இன்னொரு கட்டம்.
போன செவ்வாய்க்கிழமை என்றா எழுதுவது?

"மிச்சம் எங்கே?" என்றேன்.
அதற்காகவே காத்திருந்தவர்போல
பால் கவரை அவிழ்த்தார்.
சில்லுகளை ஒவ்வொன்றாக
அதனதன் வடுவில் வைத்துப் பார்த்தோம்.
டக். டக்.
நடுவில் ஒரு ரயில் போக, எல்லாம் சரிந்தன.
மறுபடி முதலிலிருந்து.
ஐந்தாவது மட்டும் இல்லை.

"பம்பு ஷெட்டாண்ட விழுந்துருக்கும்.
நாளைக்கு எடுத்தாரட்டா?"

"வேண்டாம்" என்றேன்,
"கிடக்கட்டும்."
பேனா மூடியைத் தேடினேன்.
இரண்டாவது தட்டில் கிடந்தது.